நம்ம கோகோவை நாமே ருசிப்போம்

தென்னைக்குள் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கும் நம்மில் பலருக்கு, அந்தக் கொட்டையில் செய்த சாக்லேட்டின் ருசி தெரியாது. காயை உடைத்து, ஈரக் கொட்டையை எடை போட்டுக் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. நானும் மூணு வருசம் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு நானே புளிக்க வைத்து, காயவைத்த கொட்டையைச் சாக்லேட் செய்யும் இளைஞர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வில்லை செய்து கொண்டு வந்தார். அதில் லேசான பூஞ்சண வாடை. "ஐயா, மழை நேரத்துல காயப்போட்டீங்களா?" என்றார். உண்மைதான். என் களத்தில் நடந்ததை அவர் நாக்கு சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நானும் ருசி பார்க்கப் பழகினேன்.

பால் சேராத, 70 சதவீதக் கோகோ உள்ள சாக்லேட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். காபி குடிக்கும் முன், வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள்.

கண்: மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். வெப்பம் பட்டிருந்தால் கோகோ வெண்ணெய் வெளியே வந்து வெள்ளையாகப் படியும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்துவிட வேண்டாம்.

காது: உடைத்தால் 'டக்'கென்று ஒலிக்க வேண்டும். சூடாக்கி ஆறவைத்த பக்குவம் சரி என்பதற்கு அதுவே சாட்சி.

மூக்கு: விரலால் லேசாகத் தேய்த்து முகருங்கள்.

நாக்கு: கடிக்காதீர்கள். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். வாய்ச் சூடே போதும். முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனிப்பும் கசப்பும்தான் தெரியும். விரலை எடுத்ததும் பழ வாசமோ, முந்திரி வறுத்த வாசமோ திறந்துகொள்ளும்.

இனி நமக்கு வேண்டிய பாடம். வாழைக்காய்க் கறை போலத் துவர்த்தால், கொட்டை சரியாகப் புளிக்கவில்லை. குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே ஊதா நிறம் மிகுந்திருக்கும். காடி போலப் புளித்தால், அவசரமாகக் காயவைத்ததில் புளிப்பு வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருக்கலாம். புகை வாடை அடித்தால் விறகுப் புகையில் காய்ந்த சரக்கு. பூஞ்சண வாடை என்றால், என்னைப் போல ஈரத்தோடு விட்டது.

கொட்டை மேலிருக்கும் வெள்ளைச் சதையின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று சூட்டையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. அந்தச் சூட்டில்தான் கொட்டைக்குள் ருசிக்கான அடித்தளம் அமைகிறது. மரப்பெட்டியில் 5 முதல் 7 நாள் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். நடுவில் சூடு 45 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். பிறகு மெல்லப் பரப்பி, ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவையுங்கள்.

சாக்லேட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. காய்ந்த கொட்டையில் ஒரு கைப்பிடியை வாணலியில் இளந்தீயில் வறுத்து, தோல் நீக்கி மென்று பாருங்கள். மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவை அதிலேயே தெரிந்துவிடும். நம்ம சரக்கின் ருசி நமக்கே தெரியலேன்னா, விலையை அடுத்தவர்தான் சொல்வார்.