உங்களுக்குத் தெரியுமா? கூரைக்குள் ஓடும் சூட்டுக்காற்று

மெல்பர்னில் ஜூன் பிறந்துவிட்டால் விடியற்காலையில் 7 டிகிரி என்பது சர்வசாதாரணம். விக்டோரியா மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்தக் குளிரில் துணை, கேஸில் ஓடும் ‘டக்டட் ஹீட்டிங்’. வீட்டுக்கு வெளியேயோ கூரைக்குள்ளேயோ ஒரு ஹீட்டர், அதிலிருந்து அறைக்கு அறை டக்ட் குழாய், தரையிலோ சீலிங்கிலோ வென்ட். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் வீடு சூடாகிவிடும். கண்ணில் படாத இயந்திரம் என்பதால் அது கவனத்திலிருந்தும் நழுவிவிடுகிறது. அப்படி நழுவவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் துணுக்குகள்.

● இந்த ஹீட்டர் வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கி அனுப்புவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி, சூடாக்கி, திரும்ப அறைகளுக்குள் விடுகிறது. நடைவழிச் சுவரிலோ சீலிங்கிலோ பெரிய கிரில் ஒன்று இருக்கும், பாருங்கள். காற்று ஹீட்டருக்குத் திரும்பிப் போகும் வாசல் அதுதான். அதன் முன்னால் செருப்பு ஸ்டாண்டையோ சோபாவையோ நகர்த்தி வைத்தால் வீடு முழுவதும் சூடு குறையும்.

● பல வீடுகளில் அந்த கிரில்லுக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். தலைமுடி, போர்வை நூல், நாய் ரோமம் எல்லாம் அதில்தான் படியும். அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறையும், ஹீட்டருக்குள் சூடு அளவுக்கு மீறி ஏறும், உடனே பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று நெருப்பை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். ‘ஹீட்டர் விட்டு விட்டு ஓடுகிறது’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கழுவக்கூடிய வகை என்றால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் பொருத்துங்கள். ஈரத்தோடு மாட்ட வேண்டாம்.

● சீசனில் முதல் தடவை போடும்போது கருகிய வாடை வருவது, கோடை முழுக்கப் படிந்த தூசி சூட்டில் பொசுங்குவதால். கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகவில்லை என்றால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

● 1969க்கு முன் மெல்பர்ன் வீடுகளுக்குக் குழாயில் வந்தது நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் தயாரித்த கேஸ். அதிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. 1965இல் பாஸ் நீரிணையில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1969 ஏப்ரலில் அது முதலில் சென்று சேர்ந்த புறநகர்ப் பகுதி கேரம். சிவா விஷ்ணு கோவிலுக்குப் போகும் தமிழர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாகவே தெரியும், கோவில் இருப்பது பக்கத்து கேரம் டவுன்ஸில். கேரமில் தொடங்கி ஊழியர்கள் தெருத் தெருவாக வந்து, ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் ஹீட்டரையும் புதிய கேஸுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 1970 முடிவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

● இயற்கை எரிவாயுவில் கார்பன் மோனாக்சைடு கிடையாது. ஆனால் அது சரியாக எரியாவிட்டால் அந்த நச்சு அங்கேயே பிறக்கும். இந்தப் பகுதியில் மற்றவற்றை மேலோட்டமாகப் படித்தாலும் இந்தத் துணுக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஹீட்டருக்குள் இரண்டு காற்றுகள் ஓடுகின்றன. ஒன்று நெருப்பிலிருந்து வரும் புகை. அது தனிக் குழாய் வழியே வெளியேறிவிட வேண்டும். மற்றது நாம் சுவாசிக்கும் வீட்டுக் காற்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. சூடு அந்தச் சுவரைத் தாண்டி வரும், புகை வரக் கூடாது. வருடக் கணக்கில் சூடாகியும் குளிர்ந்தும் அந்த உலோகத்தில் விரிசல் விழலாம். பர்னரில் அழுக்கு அடையலாம். புகைக்குழாய் கழன்றிருக்கலாம். அப்போது கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வர வழி கிடைத்துவிடும்.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல் என்று ஃப்ளூ காய்ச்சல் போலவே தொடங்கும். ஒரு வித்தியாசம் உண்டு: வெளியே போனால் தேவலை, வீட்டுக்கு வந்தால் மறுபடி தலைவலி. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் ஹீட்டரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியேறிவிடுங்கள். யாராவது மயங்கினால் 000க்கு அழையுங்கள். மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

2010இல் விக்டோரியாவின் ஷெப்பர்ட்டனில் ஒரு வாடகை வீட்டில் பழுதான கேஸ் ஹீட்டரிலிருந்து வந்த இந்த நச்சுக்கு இரண்டு சிறுவர்கள் தூக்கத்திலேயே பலியானார்கள். அவர்கள் குடும்பம் அந்தத் துயரத்தோடு முடங்கிவிடாமல், மற்ற வீடுகளை எச்சரிப்பதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டது. கேஸ் ஹீட்டரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது உரிமம் பெற்ற கேஸ்ஃபிட்டரிடம் காட்ட வேண்டும் என்று மாநிலத்தின் எரிசக்திப் பாதுகாப்பு அமைப்பு சொல்வதன் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன.

● வாடகைக்கு இருப்பவர்களுக்கு: விக்டோரியாவில் 2021 மார்ச் 29 முதல் தொடங்கிய ஒப்பந்தங்களில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து தருவது வீட்டு உரிமையாளரின் கடமை. அந்தச் சோதனையின் பதிவைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ‘கேட்டால் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ’ என்று புதிதாக வந்த குடும்பங்கள் தயங்குகின்றன. தயங்கவே வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

● தாளிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடிய குளிர்கால வீட்டில் அந்த ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். அறைக்குள் பொருத்திய பழைய வகை கேஸ் ஹீட்டர் இருந்தால், அதன் புகைக்குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை தலைகீழாக வீட்டுக்குள் இழுபடலாம். ஹீட்டர் வெளியே இருக்கும் டக்டட் அமைப்பில் இந்த அபாயம் குறைவு. ஆனால் சில பழைய வீடுகளில் டக்டட் ஹீட்டரே அலமாரிக்குள் இருக்கும். உங்கள் வீட்டில் எது, எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சமைக்கும்போது ஒரு ஜன்னலையாவது சற்றுத் திறந்து வையுங்கள்.

● புகை அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனி அலாரம் கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்டுவது நல்லதுதான், ஆனால் அது சர்வீஸுக்கு மாற்று ஆகாது.

● இயற்கை எரிவாயுவுக்கு மணம் கிடையாது. நாம் உணரும் அழுகிய வாடை வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் கசிந்த கேஸ் யாருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கேஸில் வாடை சேர்ப்பது அங்கே அதன் பிறகுதான் சட்டமானது. அடுப்பைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாடைக்கு அந்தப் பிள்ளைகள்தான் காரணம்.

● 1883இல் அறை வெப்பநிலைக் கருவிக்குக் காப்புரிமை வாங்கிய வாரன் ஜான்சன், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அறை குளிர்கிறதா என்று பார்க்க ஊழியர் ஒருவர் அடிக்கடி வகுப்புக்குள் வருவதும், பிறகு அடித்தளத்துக்குப் போய் உலையைச் சரிசெய்வதுமாக இருந்தார். பாடம் தடைபட்டது. அறையின் நிலவரத்தை மணியடித்துக் கீழே சொல்லிவிடும் கருவியை ஜான்சன் உருவாக்கினார். இன்று உங்கள் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டின் முன்னோடிகளில் ஒன்று அது.

● தெர்மோஸ்டாட்டை 28இல் வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகாது. குளிர்ந்த வீட்டில் ஹீட்டர் எப்படியும் முழு வீச்சில்தான் தொடங்கும். 28 என்று வைத்தால் 20இல் நிற்க வேண்டியது நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 18 முதல் 20 வரை போதும். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் சூடாக்கும் செலவு சுமார் 10 சதவீதம் ஏறும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், கைக்குழந்தை இருக்கிறது என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். முதியவர்கள் நடுங்கிக்கொண்டு மிச்சம்பிடிக்கும் பணம் யாருக்கும் வேண்டாம்.

● ஒரே உலையிலிருந்து பல குழாய்கள் பிரித்து, அறைக்கு அறை சூட்டைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் கேஸ் ஹீட்டருக்கு 1919 டிசம்பரில் காப்புரிமை பெற்றவர் ஆலிஸ் பார்க்கர். நியூ ஜெர்சியைச் சேர்ந்த கறுப்பினப் பெண். பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை அமெரிக்காவில் வந்ததே அதற்கு அடுத்த வருடம்தான். அவர் காகிதத்தில் வரைந்ததைத்தான் இன்று ‘ஸோனிங்’ என்று விற்கிறார்கள். பகலில் கூடத்துக்கு மட்டும், இரவில் படுக்கையறைகளுக்கு மட்டும் சூடு போகும்.

● ஸோனிங் இல்லாத வீட்டில் பயன்படுத்தாத அறைகளின் வென்ட்டுகளை மூடலாம். ஆனால் இஷ்டத்துக்கு மூடக் கூடாது. நாலைந்தை ஒரேயடியாக அடைத்தால் காற்று போக இடமில்லாமல் ஹீட்டர் சூடேறி அணையும். எத்தனை வரை மூடலாம் என்பது கையேட்டில் இருக்கும்.

● சீலிங்குக்கு மேலே ஓடும் டக்ட் என்பது கம்பிச் சுருளின் மேல் மெல்லிய படலம், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கு மேல் வெள்ளி நிற உறை. கையால் அழுத்தினாலே நசுங்கும். எலி கடிக்கும், போசம் ஏறி மிதிக்கும். கழன்ற டக்ட் ஒன்று குளிர்காலம் முழுக்க ஓட்டுக் கூரையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும், கேஸ் பில் மட்டும் உங்களுக்கு வரும். ஓர் அறையில் மட்டும் காற்று சன்னமாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த அறையின் டக்ட்டைத்தான். போசத்தின் மேல் கோபம் வரலாம், ஆனால் அது விக்டோரியாவில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். கூண்டில் பிடித்தாலும் தொலைவில் கொண்டுபோய் விட முடியாது. அதே வீட்டு வளாகத்தில், பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், அன்றே மாலையில் விட்டுவிட வேண்டும். கூரை ஓட்டையை அடைப்பதும், தோட்டத்தில் அதற்கொரு மரப்பெட்டி மாட்டுவதும்தான் நிரந்தரத் தீர்வு.

● கேஸ் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. 1 கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீர். குளிர் காலையில் ஹீட்டரின் புகைக்குழாயில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அந்த நீராவிதான். அதிகத் திறனுள்ள புதிய ஹீட்டர்கள் அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு ஒரு வடிகால் குழாய் இருக்கும். அது அடைபட்டால் ஹீட்டர் நின்றுபோகலாம்.

● ஹீட்டர் போட்டால் உதடு வெடிக்கிறது, மூக்கு காய்கிறது என்கிறோம். காற்றிலுள்ள ஈரத்தை ஹீட்டர் எரித்துவிடுவதில்லை. 5 டிகிரிக் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும், அதையே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கக்கூடியது என்பதே காரணம்.

● மின்சாரம் போனால் கேஸ் ஹீட்டரும் நிற்கும். காற்றைத் தள்ளும் ஃபேனுக்கு மின்சாரம் வேண்டுமே.

● சீலிங் வென்ட் உள்ள வீட்டில் சூடு மேலேயே தங்கிவிடும். சீலிங் ஃபேனில் சுழற்சியை மாற்றும் சுவிட்ச் இருந்தால் குளிர்காலத்துக்கு மாற்றி, மிக மெதுவாக ஓடவிடுங்கள். மேலே நிற்கும் சூடு சுவரோரமாகக் கீழே இறங்கும். தரை வென்ட் என்றால் திரைச்சீலை அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

● 1998 செப்டம்பர் 25 அன்று விக்டோரியாவின் லாங்ஃபோர்டு கேஸ் ஆலையில் வெடிவிபத்து. 2 தொழிலாளர்கள் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். மாநிலத்தின் கேஸ் ஏறக்குறைய முழுக்க அந்த ஓர் ஆலையை நம்பியிருந்ததால் சுமார் இரண்டு வாரம் வெந்நீரும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

● 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு விக்டோரியாவில் கேஸ் இணைப்பு கிடையாது. கேஸ் ஹீட்டரின் இடத்தைப் பிடிப்பது ரிவர்ஸ் சைக்கிள் ஏசி. 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 5 யூனிட் வரை சூடு தரும், காரணம் அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து எடுத்து உள்ளே கடத்துகிறது. மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேஸ் ஹீட்டருக்குப் போட்ட டக்ட்டுகள் குளிரூட்டுவதற்குப் பெரும்பாலும் போதாத அளவுள்ளவை. ‘இருக்கிற டக்ட்டே போதும்’ என்று சொல்லும் விலைப்புள்ளியை இன்னொருவரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

● சர்வீஸுக்கு ஏற்ற காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. முதல் குளிர் அடித்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் ஆள் கிடைப்பது கஷ்டம். வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், வீட்டு கேஸ் சாதனங்களைச் சர்வீஸ் செய்யும் தகுதி அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரைத் தட்டிவிட்டுப் போவது சர்வீஸ் ஆகாது. பர்னரைச் சுத்தம் செய்தாரா, உலோகச் சுவரில் விரிசல் பார்த்தாரா, புகைக்குழாயைப் பார்த்தாரா, எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிட்டுக் கார்பன் மோனாக்சைடு அளந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அளந்த எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.