1.56 வோல்ட்: பழைய ஆம்ப்ளிஃபையருக்கு வால்வு மாற்றும் கணக்கு

1959-இல் அமெரிக்காவின் டைனாகோ நிறுவனம் ஸ்டீரியோ 70 என்ற வால்வு ஆம்ப்ளிஃபையரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்கியவரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளும் உதிரிப் பெட்டியாக வாங்கினால் விலை 99.95 டாலர். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரி 1959-இல் 29.1, 2023-இல் 304.7. அதாவது 10.47 மடங்கு. அன்றைய 99.95 டாலர் 2023-இல் ஏறத்தாழ 1,046 டாலருக்குச் சமம். அந்த விலைக்குக் கிடைத்தது ஒரு பக்கத்துக்கு 35 வாட், இரு பக்கமும் சேர்த்து 70 வாட்.

பெட்டியில் இருந்த வால்வுகள் 7. வெளியீட்டுக்கு ஈஎல்34 வகையில் 4, அவற்றை இயக்க 7199 வகையில் 2, மின்சாரத்தை நேராக்கும் 5ஏஆர்4 ரெக்டிஃபையர் 1. ஐரோப்பாவில் 5ஏஆர்4-க்குப் பெயர் ஜிஇசட்34. பழைய ஸ்டீரியோ 70 ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் இந்த 7-ஐயும் மாற்றினால் ஒலி மேம்படுமா என்று கேட்கிறார். கேள்வியை 7 ஆகப் பிரித்தால்தான் விடைக்கு எண் கிடைக்கும். 7-க்கும் விடை ஒன்றல்ல.

முதலில் மின்செலவு. ஈஎல்34 ஒன்றின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுக்கும், நான்குக்கும் 37.8 வாட். 7199 ஒன்றுக்கு 0.45 ஆம்பியர், இரண்டுக்கும் 5.7 வாட். ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட், 1.9 ஆம்பியர், 9.5 வாட். ஆக, ஒரு பாட்டும் ஒலிக்கும் முன்பே வால்வுகளைச் சூடேற்ற மட்டும் 53 வாட். வெளியீட்டு வால்வுகள் நான்கும் சும்மா இருக்கும்போதே தலா 50 மில்லி ஆம்பியர், மொத்தம் 200 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன. பிளேட் மின்னழுத்தத்தை 420 வோல்ட் எனக் கொண்டால் அது 84 வாட். இரண்டும் சேர்ந்து 137 வாட். டிரான்ஸ்ஃபார்மரின் இழப்பை இதில் சேர்க்கவில்லை.

நாளுக்கு 3 மணி நேரம் கேட்பவருக்கு ஆண்டுக்கு 1,095 மணி. 137 வாட்டுக்கு அது 150 யூனிட். வெளியீட்டு வால்வின் ஆயுளை 3,000 மணி என்றும், புதிய ஈஎல்34 ஒன்றின் விலையை 25 டாலர் என்றும், மின்சாரம் யூனிட்டுக்கு 15 சென்ட் என்றும் வைத்துக்கொள்வோம். இவை மூன்றும் கணக்குக்காக எடுத்த எண்கள்; அவரவர் எண்ணை இட்டுக்கொள்ளலாம். 3,000 மணியில் வால்வுச் செலவு 100 டாலர், மின்செலவு 61.65 டாலர். மணிக்கு முறையே 3.3 சென்ட், 2.1 சென்ட். வால்வு மலிவானால் மின்கட்டணமே பெரிய செலவாகிவிடும் அளவுக்கு இரண்டும் நெருக்கம்.

இனி 1.56 வோல்ட். ஸ்டீரியோ 70-இல் ஒரு பக்கத்தின் இரண்டு ஈஎல்34 வால்வுகளும் 15.6 ஓம் மின்தடை ஒன்றைக் கேத்தோடில் பகிர்ந்துகொள்கின்றன. அதன் குறுக்கே 1.56 வோல்ட் வரும்படி, வால்வுகள் சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்னோட்டத்தைக் குறிக்கும் பயாஸ் திருகைத் திருப்ப வேண்டும் என்பது தயாரிப்பாளர் தந்த கட்டளை. 1.56 வகுத்தல் 15.6, விடை 100 மில்லி ஆம்பியர். புதிய டார்ச் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தமும் ஏறக்குறைய இதுவே என்பதால், மீட்டரை நம்பாதவர் பேட்டரியை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த 100 ஒரு கூட்டுத்தொகை. 50-உம் 50-உம் சேர்ந்தால் 100. 60-உம் 40-உம் 100. 70-உம் 30-உம் 100. மூன்றிலும் மீட்டர் 1.56 தான் காட்டும். கேத்தோடு மின்னோட்டத்தில் ஏறத்தாழ 87% பிளேட்டுக்கும் மீதி ஸ்கிரீன் கிரிடுக்கும் போகிறது. 50 மில்லி ஆம்பியர் எடுக்கும் வால்வின் பிளேட் 18.3 வாட் வெப்பத்தைச் சுமக்கும். ஈஎல்34-க்கு அனுமதித்த 25 வாட்டில் அது 73%. 70 எடுக்கும் வால்வு 25.6 வாட் சுமக்கும், வரம்பைத் தாண்டிவிட்டது. அதன் ஜோடி 30 எடுத்து 11 வாட்டில் அரைத்தூக்கத்தில் இருக்கும். திருகு சரி, மீட்டர் சரி, ஒரு வால்வு மட்டும் முன்கூட்டியே சாகிறது.

ஜோடி பிசகினால் ஒலிக்கும் கேடு உண்டு. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் நேர்மின்னோட்டம் சமமாக ஓடினால் காந்தப்புலம் ஒன்றையொன்று அழிக்கும். 70-க்கும் 30-க்கும் இடையில் 40 மில்லி ஆம்பியர் மிச்சம் நின்று இரும்பு உள்ளகத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது. தாழ்ந்த சுரங்களில் குலைவு கூடும். 5% வேறுபாட்டுக்குள் ஜோடி சேர்த்த வால்வுகளில் அந்த மிச்சம் 2.5 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும், 16-இல் ஒரு பங்கு. வாங்கும்போது 'ஜோடி' என்று அட்டையில் எழுதியிருந்தால் போதாது. எந்த மின்னழுத்தத்தில் எத்தனை மில்லி ஆம்பியருக்கு ஜோடி சேர்த்தார்கள் என்ற எண்ணையும் கேட்க வேண்டும். 250 வோல்ட்டில் ஒத்துப்போன இரண்டு, 420 வோல்ட்டில் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை.

இதற்கு மாற்று, நான்கு 10 ஓம் மின்தடைகள். ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் ஒன்று வைத்தால் 50 மில்லி ஆம்பியர் 0.5 வோல்ட்டாகத் தெரியும். கூட்டுத்தொகை நான்கு தனி எண்களாகப் பிரிந்துவிடும். ஒரு தேநீர் விலைகூட ஆகாத இந்த மின்தடைகள் இல்லாமல் பல நூறு டாலர் பழைய வால்வுகளைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்காத கணக்கு. (உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் திறக்கக் கூடாது.)

அடுத்த எண் 117. ஸ்டீரியோ 70-இன் டிரான்ஸ்ஃபார்மர் 117 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்காகச் சுற்றப்பட்டது. இன்றைய அமெரிக்கப் பெயரளவு 120 வோல்ட். சில வீடுகளில் 125 வரை போகும். 125-ஐ 117-ஆல் வகுத்தால் 1.068. ஹீட்டர் 6.3 வோல்ட்டிலிருந்து 6.73 வோல்ட்டுக்கு ஏறும். பொதுவாக ஏற்கப்படும் 10% வரம்பான 6.93-க்கு உட்பட்டதுதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இடம் தீர்ந்துவிட்டது. பிளேட் மின்னழுத்தம் 420-லிருந்து 449 ஆகும். நம் ஊருக்குக் கொண்டுவந்து 230 வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டுபவருக்கு இன்னொரு எண் சேர்கிறது: அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதே வோல்ட்டில் இரும்பில் காந்தப்புலம் 20% கூடும்; 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும். எந்த வால்வை மாற்றினாலும் இந்த 20% குறையாது.

ரெக்டிஃபையரை மாற்றினால் ஒலியின் 'குணம்' மாறும் என்பார்கள். 5ஏஆர்4 வால்வு 225 மில்லி ஆம்பியரில் 17 வோல்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மற்றொரு ரெக்டிஃபையரான 5யு4ஜிபி ஏறத்தாழ 45 முதல் 50 வோல்ட் வைத்துக்கொள்ளும். வித்தியாசம் சுமார் 30 வோல்ட். பிளேட்டுக்கு 420-க்குப் பதில் 390. திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 35 வாட் 30.2 வாட் ஆகும். டெசிபெல்லில் இது 0.64. பயாஸைத் திரும்பச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் மின்னோட்டக் குறைவும் சேர்ந்துகொள்ளும். அப்போது கேட்பது ரெக்டிஃபையரின் குணமா, தவறிய பயாஸின் குணமா என்று பிரிக்க முடியாது. தவிர, 5யு4ஜிபி-யின் ஹீட்டர் 3 ஆம்பியர் எடுக்கும், 1.9-ஐவிட 58% கூடுதல். பல பத்தாண்டு பழைய டிரான்ஸ்ஃபார்மரிடம் அதைக் கேட்பதற்கு 0.64 டெசிபெல் போதிய காரணமாகத் தெரியவில்லை.

5ஏஆர்4-க்கும் நெருக்கடி உண்டு. அதன் உச்ச அளவு 250 மில்லி ஆம்பியர். நான்கு ஈஎல்34 அமைதியிலேயே 200 எடுக்கின்றன, 80%. முதல் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. டைனாகோ வைத்தது 30. பழுது பார்க்கும்போது 'இன்னும் பெரிதாக' என்று 100 மைக்ரோஃபாரட்டை அங்கே வைப்பவர், ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் ரெக்டிஃபையரின் ஆயுளில் கை வைக்கிறார்.

ஈஎல்34-க்குப் பதில் கேடி88 வால்வு போட்டால் வாட் கூடுமா என்பதை ஒரு வரியில் முடிக்கலாம்: பிளேட் வரம்பு 25-லிருந்து 42 வாட்டாக உயரும், நான்கின் ஹீட்டர் மின்னோட்டமும் சேர்ந்து 6.0-லிருந்து 6.4 ஆம்பியராகும், மின்னழுத்தமும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் மாறாததால் 35 வாட் ஏறத்தாழ 35 வாட்டாகவே இருக்கும்.

7199-இன் கதை வேறு. பிற வால்வுகளைப் போல அது எளிதில் கிடைப்பதில்லை. 6யு8ஏ வகையைப் பின் மாற்றும் அடாப்டருடன் வைப்பது வழக்கம். ஹீட்டர் இரண்டிலும் 0.45 ஆம்பியர். ஆனால் உள்ளிருக்கும் ட்ரையோடின் பெருக்கக் காரணி 7199-இல் 17, 6யு8ஏ-இல் 40, 2.35 மடங்கு. கேட்டால் பயமாக இருக்கும். அந்த ட்ரையோடு இங்கே செய்யும் வேலை ஒலியை இரு எதிர்த் திசைகளாகப் பிரிப்பது மட்டும். அதன் பெருக்கம், தோராயமாக, காரணியை அதனுடன் 2 கூட்டி வகுத்த ஈவு. 17-ஐ 19-ஆல் வகுத்தால் 0.895, 40-ஐ 42-ஆல் வகுத்தால் 0.952. 2.35 மடங்கு வேறுபாடு 0.54 டெசிபெல்லாகச் சுருங்கிவிட்டது. எதிர்ப் பின்னூட்டம் அதையும் மேலும் சுருக்கும்.

சிறு வால்வுகளில் மக்கள் அதிகம் மாற்றிப் பார்ப்பது 12ஏஎக்ஸ்7, அதாவது ஈசிசி83. ஸ்டீரியோ 70-க்கு இணையாக டைனாகோ விற்ற பாஸ் வகை முன்பெருக்கியில் இவை 4: இசைத்தட்டு ஊசிக்கான பலகையில் 2, அடுத்த பலகையில் 2. இதே இருக்கையில் 5751 உட்காரும். பெருக்கக் காரணி 100-க்குப் பதில் 70. 1,00,000 ஓம் பிளேட் மின்தடையுடன் 12ஏஎக்ஸ்7 தரும் பெருக்கம் கணக்குப்படி 61.5, 5751 தருவது 44.3. குறைவு 28%, அதாவது 2.85 டெசிபெல். இது காதுக்குத் தெரியும். ஆனால் 20 டெசிபெல் எதிர்ப் பின்னூட்டம் உள்ள சுற்றில் அதே மாற்றம் 0.33 டெசிபெல்தான். 'மென்மையாகிவிட்டது' என்று சொல்பவர் கேட்டதில் எவ்வளவு மென்மை, எவ்வளவு சத்தக் குறைவு என்று அறிய, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் 5 நிமிட வேலை.

நல்ல வால்வுக்குப் பணம் செலவிடத் தகுந்த இடம் ஒன்று உண்டு, ஊசிக்கு அடுத்த முதல் வால்வு. ட்ரையோடின் இரைச்சலை 2.5-ஐ அதன் கடத்துதிறனால் வகுத்து வரும் மின்தடையின் இரைச்சலாகக் கருதலாம். 12ஏஎக்ஸ்7-க்குக் கடத்துதிறன் வோல்ட்டுக்கு 1.6 மில்லி ஆம்பியர். மின்தடை 1,563 ஓம். 20,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் அது 0.71 மைக்ரோவோல்ட். ஊசி தருவது 5 மில்லிவோல்ட் என்றால் இடைவெளி 77 டெசிபெல். இது ஏட்டுக் கணக்கு. நிஜ வால்வின் முணுமுணுப்பும் தட்டினால் வரும் கணகணப்பும் இதைவிட மோசமாகவே இருக்கும், வால்வுக்கு வால்வு மாறும். முதல் படியின் பெருக்கம் 50 என்றால் அடுத்த படியின் இரைச்சல் 50-இல் ஒரு பங்காக, 34 டெசிபெல் கீழே, மட்டுமே சேரும். நான்கில் ஊசிக்கான பலகையின் இரண்டுக்கு மட்டும் தேர்ந்தெடுத்த அமைதியான வால்வு வாங்கினால் செலவு பாதி. பலன் ஏறத்தாழ முழுதும்.

கடைசியாக, பழைய கையிருப்பு. அமெரிக்காவின் ஆர்சிஏ தன் ஹாரிசன் வால்வு ஆலையை 1976-இல் மூடியது. பெங்களூரில் 1954-இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வால்வுகள் தயாரித்தது. நம் வீட்டு வால்வு ரேடியோக்கள் பலவற்றில் அதன் முத்திரை இருந்தது. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவின் சரட்டோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா என மூன்று திசைகளிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் மூன்றில் ஒன்று நின்றது. பின்னர் மீண்டது, விலை உயர்ந்தே மீண்டது.

முல்லார்டு ஈஎல்34-இன் கண்ணாடியில் இரு வரி எழுத்துகள் இருக்கும். மேல் வரி எக்ஸ்எஃப்2 போன்ற வகைக் குறி. கீழ் வரியில் ஆலை, ஆண்டு, மாதம், வாரம்: பி5கே3 என்றால் பிளாக்பர்ன் ஆலை, 5-இல் முடியும் ஆண்டு, நவம்பர், 3-ஆம் வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1965-உம் 1975-உம் ஒரே குறி. உள் கட்டமைப்பைப் பார்த்தே பிரிக்க வேண்டும். எத்தனை மணி ஓடியது என்பதற்குக் குறியே இல்லை. அதற்கு டெஸ்டர் வேண்டும்: புதிய ஈஎல்34-க்கு வோல்ட்டுக்கு 11 மில்லி ஆம்பியர், 65%-ஐ வெட்டுக்கோடாகக் கொண்டால் 7.15-க்குக் கீழே உள்ளதை வாங்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பழைய வால்வு ஒன்றை 100 டாலருக்கு வாங்கினால், 25 டாலர் புதிய வால்வின் மணிச் செலவுக்கு இறங்க அது 12,000 மணி ஓட வேண்டும். நாளுக்கு 3 மணி வீதம் 10 ஆண்டு 11 மாதம். அதுவரை நான்கும் ஜோடி பிசகாமல் இருக்க வேண்டும்.