சீஸன் முடிஞ்சா எங்க ஊருக்கு வாங்க!

குற்றாலம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஐ.வி. போன பஸ், தலையில தடதடன்னு விழுந்த தண்ணி, ஈரத் துண்டோட தின்ன மிளகாய் பஜ்ஜி, பிரானூர் பார்டர் பரோட்டா, கடைசியா ஒரு குரூப் போட்டோ. கரெக்ட்டா? கிளம்பும்போது, 'மச்சி, இந்த ஊர்லயே பொறந்திருக்கலாம்டா'னு ஒரு டயலாக்கும் விட்டிருப்பீங்க.

நான் அந்த ஊர்லயேதான் பொறந்தேன் பாஸ். வாங்க, நீங்க பார்க்காத குற்றாலத்தைக் காட்டுறேன்.

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொட்டதும், மலையைத் தாண்டி ஜிலீர்னு ஒரு காத்து வரும், கூடவே சாரல். ஆகஸ்ட் வரைக்கும் அதுதான் சீஸன். அப்புறம் வடகிழக்குப் பருவமழையில் மறுபடி தண்ணி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போற ஐயப்ப சாமிகள் கூட்டம். தை பிறந்து கடைசி வேனும் கிளம்பிருச்சா... அவ்வளவுதான். மே வரைக்கும் பாதிக் கடைகளுக்கு ஷட்டர்!

நான் ட்ரிபிள் ஈ மூணாம் வருஷம். சராசரி லோடை பீக் லோடால் வகுத்தா 'லோடு ஃபேக்டர்'னு எங்க சார் நடத்தினப்போ எனக்கு மட்டும் உடனே புரிஞ்சிருச்சு. எங்க ஊரே அதுதானே! லாட்ஜ், பார்க்கிங், ஹோட்டல் எல்லாமே ஜூலை மாசத்து ஞாயிற்றுக்கிழமைக்காகக் கட்டினது. மார்ச் மாசத்துச் செவ்வாய்க்கிழமை அதே பார்க்கிங்கில் நாங்க கிரிக்கெட் ஆடுவோம். சிக்ஸர் அடிச்சா பந்து பொறுக்க நாங்களேதான் போகணும். வேடிக்கை பார்க்கக்கூட ஆள் இருக்காது.

ஏப்ரலில் மெயின் அருவி நூல் மாதிரி இறங்கும். சில நாள் வெறும் பாறைதான். உங்க ஊரில் சத்தம் கேட்டா தூக்கம் கலையும். எங்களுக்கு அந்த அருவிச் சத்தம் நின்னாதான் தூக்கம் கலையும்.

எங்களைவிடப் பாவம் குரங்குகள். சீஸனில் நீங்க பாசமா நீட்டின சிப்ஸைத் தின்னு பழகிருச்சுங்க. கூட்டம் போனதும் பசி. ஓட்டைப் பிரிச்சு இறங்கி எங்க அம்மா ஊற வெச்ச அரிசியைத் தூக்கிட்டுப் போகும். குற்றாலக் குறவஞ்சியில் அழகா விளையாடின குரங்குகளோட வாரிசுகளை இப்படி ஆக்கினதில் நம்ம எல்லாருக்குமே பங்கு இருக்கு.

சரி, காசு விஷயத்துக்கு வர்றேன். அப்பாவுக்கு அருவிக்குப் போற வழியில் சின்னக் கடை. துண்டு, அரைக்கால் டவுசர், நேந்திரங்காய் சிப்ஸ். மே மாசமே கடன் வாங்கிச் சரக்கு எடுத்திருவார். மூணு மாச வியாபாரத்தில் பன்னிரண்டு மாசம் சாப்பிடணும். என் செமஸ்டர் ஃபீஸும் அதில்தான். ஹாஸ்டலில் மத்த பசங்க வீட்டுக்கு போன் போட்டா, 'சாப்பிட்டீங்களா?'ம்பாங்க. நான் கேக்குற முதல் கேள்வி, 'அருவில தண்ணி விழுதா?'

2024 மே 17. சீஸன் தொடங்கவே இல்லை. கோடை மழையில் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம். 17 வயசு மாணவர் ஒருத்தர் இறந்துபோனார். அருவிகளில் குளிக்கத் தடை போட்டாங்க. எடுத்து வெச்ச சரக்கு மூட்டையே பிரிக்கலை. நான் அன்னிக்கு வீட்டில்தான் இருந்தேன். 'கடன் என்னப்பா ஆகும்?'னு கேட்டேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்துட்டுச் சொன்னார்... 'யாவாரம் நாளைக்கு வரும்லே. அந்தப் புள்ள இனி வராதுல்லா?'

அந்தக் கேள்வியைக் கேட்டதுக்காக இன்னிக்கு வரைக்கும் கூச்சப்படுறேன்.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். கீழே வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். தண்ணி செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் அடிச்சுட்டு வந்தாலோ, போலீஸ்காரர் விசில் ஊதினாலோ உடனே வெளியே வந்திருங்க. 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே'னு அவர்கிட்ட சண்டை போடாதீங்க. உங்களை விரட்டினா எங்களுக்குத்தான் நஷ்டம். இருந்தும் 'போங்க'ன்னு சொல்றோம்னா, காரணம் இருக்கும்ல?

ஆனா, காஞ்ச மாசங்கள் வெறும் சோகம் இல்லை. ஒருநாள் மார்ச்சில் வந்து சித்திர சபைக்குப் போங்க. நடராஜர் ஆடின அஞ்சு சபையில் அது ஒண்ணு. இங்கே ஆட்டம் ஓவியத்தில். சீஸனில் ஈரத்தலையோட அஞ்சு நிமிஷத்தில் சுத்திட்டு ஓடுற இடம். மார்ச்சில் ஒவ்வொரு சுவரா நின்னு பார்க்கலாம். டீக்கடை அண்ணாச்சிக்கும் நேரம் இருக்கும். 'எந்த ஊரு தம்பி?'னு ஆரம்பிச்சு உங்க தாத்தா பேர் வரைக்கும் விசாரிச்சிருவார்.

அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட். கிடைச்சா சென்னையோ, பெங்களூரோ. எங்க தெருவில் என் செட்டில் பாதிப் பேர் ஏற்கெனவே கிளம்பியாச்சு. போன வாரம் அம்மாகிட்ட, 'வேலை கிடைச்சா ஜூலையில லீவு போட்டுட்டு வந்திருவேன்'னு பெருமையாச் சொன்னேன். அம்மா முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னாங்க...

'சீஸனுக்குத்தான் ஊரே வருதே. நீ மார்ச்சில வால.'