மூளைக்காய்ச்சல்: மந்திரித்தால் தீருமா?

1998இல் நம் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோரைக் கடுங்காய்ச்சல் தாக்கியது. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதுக் கிருமியைக் கண்டுபிடித்தார், அதுவே நிப்பா. நாட்டில் 100 பேருக்கு மேல் மாண்டனர்.

பெருமூளையால் நினைக்கிறோம், பேசுகிறோம். சிறுமூளை தள்ளாடாமல் நடக்க வைக்கிறது. அடியிலுள்ள முகுளம் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் நடத்துகிறது. மூளையின் கட்டளைகளை முதுகுத்தண்டு வழியே நரம்புகள் கைகால்களுக்குக் கொண்டு செல்கின்றன.

கிருமி பெருமூளையைத் தாக்கினால் பிதற்றலும் வலிப்பும் வரும்; முகுளத்தைத் தாக்கினால் மூச்சே நிற்கலாம்.

ஆகவே பெற்றோர்களே, காய்ச்சலோடு பிதற்றலோ, வலிப்போ, எழுப்பினாலும் எழாத தூக்கமோ கண்டால், ‘காற்று சேட்டை’ என்று மந்திரித்துக் காலம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.