இலவச ஆன்டிவைரஸ்: எதைப் பார்க்கிறது, எங்கே அனுப்புகிறது?

வீட்டு உபயோக விண்டோஸ் 10 கணினிகளுக்கான நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், இப்போதைய அறிவிப்பின்படி, 2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு முடிகின்றன. வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே நின்றுவிட்டது. நாள் நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: நல்ல இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு பழைய கணினியையே ஓட்டலாமா?

இந்தக் குழப்பத்துக்கு மைக்ரோசாஃப்ட்டின் அறிவிப்பும் ஒரு காரணம். விண்டோஸ் 10-ல் உள்ள டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் வந்துகொண்டிருக்கும் என்கிறது அந்நிறுவனம். படிப்பவர்கள் அதை ‘2028 வரை பாதுகாப்பு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படி அல்ல. வைரஸ் பட்டியல் கெட்ட கோப்பை அடையாளம் காட்டும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. அடைப்பது மாதாமாதம் வரும் விண்டோஸ் புதுப்பிப்பு மட்டுமே. அது நின்றபின் எந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும், இலவசமானாலும் காசு கொடுத்ததானாலும், குறை குறைதான். கணினி தாங்குமானால் விண்டோஸ் 11, தாங்காவிட்டால் லினக்ஸ். பழைய விண்டோஸ் 10-ஐ வைத்தே தீரவேண்டும் என்றால், அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஆதரவு உள்ள கணினிக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் என்ற கேள்விக்குப் பதில் சிறியது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சோதனைகளில் பல ஆண்டுகளாகவே முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக அருகிலோ வாங்கிவருகிறது. வைரஸைப் பிடிக்கும் திறனில் முன்னணி மென்பொருள்களுக்குள் வித்தியாசம் இன்று மிகக் குறைவு. வித்தியாசம் இருப்பது அந்த மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஒன்றில்: கணினியில் நடப்பதையெல்லாம் பார்க்கும் உரிமை பெற்ற ஒரு மென்பொருள், பார்த்ததை என்ன செய்கிறது?

இதற்கு நீதிமன்ற ஆவணம் அளவுக்குத் தெளிவான சான்று அவாஸ்ட் விவகாரம். செக் நாட்டு நிறுவனமான அவாஸ்டின் இலவச ஆன்டிவைரஸ் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் இருந்தது. அதன் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட், பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றுவந்தது. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் ஆகிய இரு இதழ்கள் இதை வெளிக்கொண்டு வந்த சில நாட்களில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்கவும் தடை விதித்தது. 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விவரங்கள் விற்கப்பட்டன, 2014-லிருந்து சேர்த்துவைத்த உலாவல் தகவல் 8 பெட்டாபைட்டுக்கு மேல் இருந்தது என்பவை ஆணையத்தின் குற்றச்சாட்டுகள். குற்றச்சாட்டுகளை ஏற்காமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அவாஸ்ட் முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. பெயர், மின்னஞ்சல் போன்றவற்றை நீக்கிவிட்டுத்தான் விவரங்களைத் தருகிறோம், எனவே யாரையும் அடையாளம் காண முடியாது என்றது. இந்தச் சொல்லாடலை இன்றைக்கும் பல நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கையில் பார்க்கலாம். ஆகவே அது எப்படி உடைகிறது என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும்.

விற்கப்பட்ட பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்: கருவி எண் இன்னது, தேதி இன்னது, இரவு 9 மணி 14 நிமிடம் 7 விநாடி, இன்ன புத்தகக் கடைத் தளம், இன்ன புத்தகம் கூடையில் சேர்க்கப்பட்டது. பெயர் இல்லை. இந்தப் பட்டியலை அதே புத்தகக் கடை விலைக்கு வாங்குகிறது. கடையின் சொந்தப் பதிவேட்டில் அந்த நாள், அந்த விநாடியில், அந்தப் புத்தகத்தைக் கூடையில் போட்டவர் ஒருவர்தான். அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கடையிடம் ஏற்கெனவே உண்டு. இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்த கணத்தில் கருவி எண்ணுக்கு ஆள் கிடைத்துவிடுகிறார். அந்த ஒரு வரியோடு இது நிற்பதில்லை. அதே கருவி எண்ணின் கீழ் இருக்கும் மற்ற வரிகள் அனைத்தும் அவருடையவை ஆகின்றன: தேடிப் படித்த நோய், விசாரித்த கடன், போன மதத் தளம், அரசியல் செய்தி. விவரங்களில் இத்தகையவை வெளிப்பட்டதாகவே ஆணையத்தின் புகாரும் சொல்கிறது. பெயரை நீக்கி, மாறாத எண்ணையும் விநாடி வரையிலான நேரத்தையும் விட்டுவைத்தால், நீக்கியதால் பயன் ஏதுமில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. தளம் ஆபத்தானதா என்று சொல்ல வேண்டுமானால் அதன் முகவரி நிறுவனத்தின் சர்வருக்கு வந்துதானே ஆகவேண்டும்? விளாதிமிர் பாலண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2019 அக்டோபரில் அவாஸ்டின் உலாவி நீட்சியைப் பிரித்து ஆராய்ந்தார். பக்கத்தின் முழு முகவரியோடு, பக்கத் தலைப்பு, எங்கிருந்து அங்கே வந்தார், முன்பு வந்தவரா என்பதெல்லாம் பயனர் அடையாள எண்ணோடு சேர்ந்து போவதைக் கண்டார். அந்த டிசம்பரில் மொசில்லா அந்த நீட்சியைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

தளத்தைச் சோதிக்க இவ்வளவும் தேவையில்லை என்பதற்கு கூகுளின் சேஃப் பிரௌசிங் முறையே சாட்சி. அதில் உலாவி, தளத்தின் முகவரியைக் கணக்கிட்டு 32 பைட் நீளமுள்ள ஒரு குறியீடாக மாற்றுகிறது. சர்வருக்குப் போவது அந்தக் குறியீட்டின் முதல் 4 பைட் மட்டுமே. அந்தத் துண்டு எண்ணற்ற முகவரிகளுக்குப் பொதுவாக அமையக்கூடியது; அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று சர்வரால் திரும்பக் கணக்கிட முடியாது. அந்தத் துண்டில் தொடங்கும் ஆபத்தான தளங்களின் முழுக் குறியீடுகளைச் சர்வர் திருப்பி அனுப்புகிறது. ஒப்பிட்டு முடிவெடுப்பது கணினியிலேயே நடக்கிறது. நல்ல பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் ஒருசேரத் தரும் அருமையான ஏற்பாடு இது. (குரோமில் ‘என்ஹான்ஸ்டு’ பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தால் முழு முகவரி கூகுளுக்குப் போகும்.) இத்தகைய வழி இருந்தபோதும் அவாஸ்ட் முழு முகவரியையும் வாங்கிச் சேர்த்தது பாதுகாப்புக்காக என்று ஏற்பதற்கில்லை.

கடைசியில் ஆணையம் கட்டச் சொன்ன அந்தப் பணத்திலிருந்து இழப்பீடு கேட்க முடிந்தவர்கள் அந்தக் காலத்தில் அவாஸ்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். இலவசமாகப் பயன்படுத்தியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அவாஸ்டை விட்டு வேறொன்றுக்கு மாறுகிறவர்கள் கவனிக்கவேண்டியது உரிமையாளரை. ஏவிஜி-யை அவாஸ்ட் 2016-ல் வாங்கியது. அவிராவை நார்டன் வாங்கியது. நார்டனும் அவாஸ்டும் 2022-ல் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. கடையில் நான்கு பெயர்கள். பின்னால் ஒரே நிறுவனம்.

டிஃபெண்டரும் எதையும் அனுப்பாத மென்பொருள் அல்ல. சந்தேகத்துக்குரிய கோப்பின் மாதிரியைத் தானாக மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பும் வசதி முதலிலேயே இயக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் அதை நிறுத்தலாம். அதைவிட முக்கியம், முதலில் நிறுத்தப்பட்டே இருக்கும் ஒரு வசதி. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்’ பக்கத்தின் அடியில் உள்ள ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ வழியே போனால் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதை இயக்கினால், அறிமுகமில்லாத எந்த மென்பொருளும் ஆவணங்கள், படங்கள் உள்ள ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. குடும்பப் படங்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக வீட்டில் செய்யக்கூடிய நல்ல ஏற்பாடு அது. பழைய கணக்கு மென்பொருளோ டிடிபி மென்பொருளோ கோப்பைச் சேமிக்க முடியாமல் திணறினால், அதே பக்கத்தில் அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். இந்த வசதியும் அதோடு போய்விடும்.

எந்த ஆன்டிவைரஸும் காக்க முடியாத ஒரு பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. கிராக் செய்த போட்டோஷாப்பையோ, விண்டோஸ் ஆக்டிவேட்டரையோ போடும்போது ‘முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து’ என்ற குறிப்பு கூடவே வரும். அதைச் செய்பவர், உள்ளே வருவது எதுவானாலும் அதற்குக் கதவைத் தாமே திறந்துவிடுகிறார்.

மற்ற கேள்விகள்:

இரண்டு ஆன்டிவைரஸ் போடலாமா? கூடாது; ஒன்றோடொன்று மோதிக் கணினியை முடக்கக்கூடும்.

மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு? கேட்டால் மட்டும் சோதிக்கும். தொடர்ந்து காவல் காக்காது. சந்தேகம் வரும்போது இரண்டாம் கருத்துக்கு உதவும்.

காஸ்பர்ஸ்கி? அமெரிக்கா 2024-ல் விற்பனையையும் புதுப்பிப்புகளையும் தடை செய்தது. அந்தத் தடை அந்நாட்டுக்குள் மட்டும்.

மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தரும் இலவசக் கருவி போதாதா? ஏற்கெனவே புகுந்துவிட்டதை நீக்க அது உதவும். நிரந்தரக் காவலுக்கு உரியதல்ல.

வங்கிப் பணம் போய்விட்டால்? உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

கணினியோடு வந்த சோதனைப் பதிப்பை என்ன செய்வது? கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கி, கணினியை மறுபடி தொடங்கினால் போதும். டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும்.