அடமானக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

தேவதானப்பட்டி, பெரியகுளம் பகுதிகளில் மாவும் தென்னையும் வைத்துள்ள விவசாயிகள், கிணறு ஆழப்படுத்தவும் குழாய் பதிக்கவும் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது வழக்கம். அப்படி வாங்கியவரிடம் வேறொரு வங்கி, “எங்களிடம் வட்டி இரண்டு சதவிகிதம் குறைவு, இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்” என்றால் ஆசை எழுவது இயல்பே. மாற்றுவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

கடனை அடைக்கக் கடன் வாங்குவது புதிதல்ல. 1929-ல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய நில அடமான வங்கி, ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் விவசாயிகளின் பழைய கடன்களைத் தீர்க்கவே பணம் கொடுத்தது. லேவாதேவிக்காரரின் வட்டிக்கும் வங்கி வட்டிக்கும் இருந்த தூரம் பெரிது, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வங்கிக்கு வங்கி ஒன்றிரண்டு சதவிகிதமே வித்தியாசம் என்றால் செலவையும் பார்த்தாக வேண்டும்.

வழிகள் இரண்டு. பாக்கித் தொகையை மட்டும், மீதமுள்ள ஆண்டுகளுக்கே, புதிய வங்கிக்கு மாற்றுவது ஒன்று. பழைய கடனை அடைத்துவிட்டு நீண்ட தவணையில் புதுக்கடன் எழுதுவது மற்றொன்று. பத்திரச் செலவு இரண்டிலும் உண்டு. பெயர்தான் ‘மாற்றம்’, பழைய அடமானத்தை ரத்து செய்து, புதிய வங்கிக்கு மறுபடி பதிய வேண்டும். மூலப்பத்திரம் ஒப்படைப்பு ஆவணத்துக்கு முத்திரைத்தீர்வை அரை சதவிகிதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவிகிதம். சலுகை ஏதும் பொருந்துமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., வக்கீல் கருத்து, வில்லங்கச் சான்று ஆகியவை தனி.

பாக்கி ரூ.5 லட்சம், மீதி 8 ஆண்டு, வட்டி 12 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் அசலைச் சமமாகக் கட்டினால் மொத்த வட்டி ரூ.2,70,000. அதே 8 ஆண்டுக்கு 10 சதவிகிதத்தில் மாற்றினால் ரூ.2,25,000. மிச்சம் ரூ.45,000, மாற்றும் செலவு ரூ.17,000 போனாலும் ரூ.28,000 கையில் நிற்கும். அதே கடனை 10 சதவிகிதத்தில் 15 ஆண்டுக்குப் புதிதாக எழுதினால் மொத்த வட்டி ரூ.4 லட்சம்! வட்டி விகிதம் குறைந்தும், கட்டும் வட்டி ரூ.1,30,000 கூடுகிறது. ‘தவணை பாதியாகிவிடும்’ என்ற பேச்சில் மறைந்திருப்பது இதுதான்.

பாக்கி ரூ.1½ லட்சம், மீதி 2 ஆண்டுதான் என்றால் வட்டியில் மிச்சம் ரூ.4,500 மட்டுமே. பத்திரமும் பரிசீலனையுமே அதைத் தின்றுவிடும். இருக்கிற இடத்திலேயே கட்டி முடிப்பது மேல்.

மாற்றுவதற்கு முன் சொந்த வங்கியில் வட்டியைக் குறைக்க மனுக் கொடுங்கள். குறைத்தால் பத்திரச் செலவே இல்லை. முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தில் பார்க்கவும். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு வணிக வங்கிகள் தனிநபரிடம் இதை வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளில் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 நஷ்டஈடு. இந்த விதி 2023 டிசம்பர் 1 முதல் உள்ளது.

பயிர்க்கடனை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. ‘எல்லாவற்றையும் ஒரே கடனாக்குகிறோம்’ என்பவரிடம் சம்மதித்தால், வட்டியில்லாக் கடன் பத்துச் சதவிகிதக் கடனாகிவிடும்.

கணக்குச் சரியாக வந்து மாற்றுவதென்று முடிவானால், தவணை நாளை மாங்காய் விற்ற பணம் கைக்கு வரும் மாதத்துக்கு அடுத்ததாக வைக்கும்படி கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.