மரபணுவும் வளர்ப்பும் சேர்ந்தே செய்யும் வேலை

1934இல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளை அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் காட்டினார். பிள்ளைகள் மேல் எப்போதும் ஒருவித வாடை அடித்தது. அவர்களின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டுப் பார்த்தார் ஃபோலிங். கரும்பச்சையாக மாறியது.

இன்று அந்த நோய்க்குப் பினைல்கீட்டோனூரியா என்று பெயர். புரத உணவில் உள்ள பினைல்அலனைனை உடைக்கும் நொதிக்கான மரபணு பழுதுபட்டு, அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அப்படியே வந்து சேர்ந்தால், அந்தப் பொருள் ரத்தத்தில் தேங்கி வளரும் மூளையைக் கெடுக்கும். முழுக்க முழுக்கப் பரம்பரை நோய்தான். ஆனாலும் 1950களின் தொடக்கத்தில், பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் குழுவினர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பினைல்அலனைன் குறைந்த உணவைக் கொடுத்தார்கள். ஓயாமல் அழுது, தலையை மோதிக்கொண்டிருந்த பிள்ளை சில மாதங்களில் தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், நாற்காலியில் ஏறினாள். அதற்குள் மூளைக்கு நேர்ந்திருந்த சேதம் முழுதாகச் சரியாகவில்லை. பிறந்த சில நாட்களிலேயே இந்த உணவைத் தொடங்கிவிட்டால் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே படித்து ஆளாகிறார்கள். 1960களில் ராபர்ட் கத்ரி கொண்டுவந்த, குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுக்கும் பரிசோதனை இதற்கு வழி செய்தது.

"அறிவில் மரபணு எத்தனை சதவீதம்?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நோயைத்தான் சொல்வேன். அந்தச் சதவீதம் ஒரு குழந்தையைப் பங்கு போட்டுச் சொல்வதில்லை. ஒரு கூட்டத்துப் பிள்ளைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்றுதான் சொல்கிறது. சூழல் மாறினால் அதுவும் மாறும்.

அமெரிக்காவில் சுமார் 750 இரட்டையர் ஜோடிகளின் அறிவுத்திறனை 10 மாதத்திலும் 2 வயதிலும் சோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. எலியட் டக்கர்-டிராப் குழுவினர் செய்தது. 10 மாதத்தில் எல்லாக் குடும்பங்களிலும் சூழலின் கையே ஓங்கியிருந்தது. 2 வயதில், வசதியான வீடுகளில் வித்தியாசத்தில் பாதியளவு மரபணுவோடு சேர்ந்து போனது. ஏழை வீடுகளில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய இல்லை. இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: புத்தகத்தில் படம் பார்க்கப் பிடித்த குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதை சொல்லச் சொல்லும். கேட்கக் கேட்கச் சொல்வதற்கு ஆள் இருந்தால் அந்த விருப்பம் திறமையாக வளரும். வீட்டில் புத்தகமும் இல்லை, பெற்றோருக்கு ஓய்வும் இல்லை என்றால் பிறப்பிலேயே வந்த நாட்டம் வெளிப்படவே இடமில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் "அந்தக் குடும்பத்துக்கே படிப்பு வராது" என்று ஒரு பிள்ளையை ஒதுக்குவது அநியாயம்.